குளிர்காலமும் கூரை விசிறியும்

கார்த்திகை பிறந்து சில நாட்கள் கழிந்ததும் டில்லி வீடுகளில் ஓர் ஓசை நின்றுவிடுகிறது. பங்குனி தொடங்கி இரவும் பகலும் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த மின்சார விசிறியின் ஓசை அது. நின்ற பிறகுதான், அப்படி ஒன்று இருந்தது என்பதே நமக்கு நினைவு வருகிறது. பெட்டியிலிருந்து ரஜாய் வெளியே வருகிறது. கம்பளிச் சட்டைகள் வெயிலில் உலர்கின்றன. விசிறியோ ஏறக்குறைய மூன்று மாத காலம் தூசிக்கும் ஒட்டடைக்கும் உறைவிடமாகி, மறதியில் ஆழ்ந்துவிடுகிறது. இந்த மூன்று மாதங்களில் அதற்கு வேலை ஏதேனும் உண்டா? உண்டெனில் எப்போது? வேலையில்லாத நாட்களில் அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன? இவற்றைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

தெற்கே வாழும் நேயர்களுக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றக்கூடும். சென்னையில் மார்கழி மாதத்திலும் விசிறி சுழலும், போர்வையும் இருக்கும், இரண்டுக்கும் பகையில்லை. வடநாட்டுக் குளிர் வேறு இனத்தைச் சேர்ந்தது. டில்லியில் ஜனவரி இரவுகளில் ஏழு பாகை செல்ஷியஸ் சாதாரணம்; நான்கு, மூன்று என்று இறங்கும் இரவுகளும் உண்டு. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 0.6 பாகை பதிவாயிற்று. அதே நிலையத்தில் 1944 மே 29 அன்று பதிவான வெப்பம் 47.2 பாகை. ஒரே கூரை, ஒரே கொக்கி, ஒரே விசிறி. இவ்விரு எல்லைகளுக்கும் அதுவே ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

விசிறியின் தொழில் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். பலரும் எண்ணுவதுபோல் அது காற்றைக் குளிர்விப்பதில்லை. பூட்டிய அறை ஒன்றில் ஒரு வெப்பமானியை மாட்டி, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெப்பநிலை இறங்கியிராது, உண்மையில் அணுவளவேனும் ஏறியிருக்கும். விசிறி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாக முடிகிறது. அப்படியானால் நமக்குக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? நம் உடலை ஒட்டி, உடல் வெப்பத்தால் சூடேறிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அது ஓர் உடுக்காத உடை. விசிறியின் காற்று அந்த உடையைக் களைந்துகொண்டே இருக்கிறது. தோலின் வியர்வையையும் விரைவில் ஆவியாக்குகிறது. குளிர்வது அறையன்று, நாம். ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுவது எவ்வளவு வீண் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

சித்திரையில் நாம் வேண்டி நிற்கும் இந்தக் காரியத்தையே தையில் நாம் வேண்டாமென்கிறோம். ஆயினும் எல்லோரும் வேண்டாமென்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், என் தாயார் தஞ்சை மாவட்டத்திலிருந்து டில்லிக்கு வந்து எங்களோடு ஒரு குளிர்காலம் தங்கினார். முதல் இரவே, இரண்டு ரஜாய்களுக்குள்ளிருந்து குரல் வந்தது: “அந்த விசிறியைக் கொஞ்சம் போடேன், அப்பா. சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.” வெளியே ஐந்து பாகைக் குளிர்! பழக்கம் என்பது பருவத்தைக் கேட்டு வருவதில்லை. விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அவருடைய கட்டிலை அறையின் மூலைக்கு நகர்த்தினேன். அவர் தூங்கினார், மற்ற நாங்கள் எல்லோரும் விழித்திருந்தோம்.

அந்தக் குளிர்காலத்திலேயே, முற்றிலும் தற்செயலாக, விசிறியின் மற்றொரு குணத்தையும் அறிந்துகொள்ள நேர்ந்தது. கூடத்து விசிறியின் கம்பிச் சுருள் எரிந்துபோய், அதைப் புதிதாகச் சுற்றிவரக் கடைக்கு அனுப்பியிருந்தோம். திரும்பி வந்த விசிறி அபாரமான வேகத்தில் சுழன்றது. ஆனால் அதன் கீழே நின்றால் காற்றில்லை. மேசை மேலிருந்த காகிதம் அசையவில்லை. கூரையில் ஒட்டியிருந்த ஒட்டடை மட்டும் பறந்தது. கடைக்காரர் தம் வேலை பழுதற்றது என்று சாதித்தார். சுழலும் திசையைக் கவனித்த பிறகே உண்மை புலப்பட்டது: இணைப்பில் கம்பிகள் இடம் மாறி, விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

உடனே திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். மாதம் டிசம்பர், அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். அவ்வறையில் மாலை வேளைகளில் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்றை வைப்பது வழக்கம். பழைய அரசாங்கக் குடியிருப்பு. கூரை பத்தடிக்கு மேல். எவ்வளவு நேரம் ஹீட்டர் எரிந்தாலும் கால் விறைத்தபடியே இருக்கும். காரணம் எளியது. சூடேறிய காற்று இலேசானது. அது மேலெழுந்து கூரையடியில் தேங்கிவிடுகிறது. துடைப்பக் கழியின் நுனியில் வெப்பமானியைக் கட்டி உயர்த்திப் பார்த்தபோது, தரைக்கும் கூரைக்கும் ஐந்து பாகை வித்தியாசம் இருந்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தைப் பல்லி அனுபவித்துக்கொண்டிருந்தது. அந்த எதிர்த்திசை விசிறியை மிக மெதுவாக ஓடவிட்டபோது நிலைமை மாறிற்று. அது அறையின் நடுவிலிருந்து காற்றை மேலே உறிஞ்சி, கூரையடியில் தேங்கிய வெப்பக் காற்றைச் சுவர்கள் வழியே கீழே இறக்கியது. மேனியில் காற்றுப் படவில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் தரையருகே சூடு தெரிந்தது.

மேல்நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே விசிறியில் திசை மாற்றும் விசை ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு விசிறிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. அண்மைக் காலத்தில் வந்துள்ள பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிகள் சிலவற்றில் மட்டும், கையடக்கமான ரிமோட்டிலேயே இவ்வசதி இருக்கிறது. உங்கள் விசிறி எத்திசையில் காற்றைத் தள்ளுகிறது என்று அறிய எளிய வழி உண்டு. நிறுத்திய பின் அது மெல்லச் சுழன்று ஓயும் தருணத்தில் இறக்கைகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் இறக்கையும் ஒருபுறம் உயர்ந்தும் ஒருபுறம் தாழ்ந்தும் சாய்ந்திருக்கும். உயர்ந்த விளிம்பு முன்னே சென்றால் காற்று கீழே வரும். தாழ்ந்த விளிம்பு முன்னே சென்றால் மேலே போகும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த யோசனையை அமெரிக்க வீடுகளிலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம் வீட்டில் நட்டுவிட முடியாது. அங்கே வீடு முழுவதும் இரவு பகலாகச் சூடேற்றப்படுகிறது. கூரைக்கடியில் வெப்பம் உண்மையாகவே சேர்கிறது. டில்லியிலோ, லக்னோவிலோ, பாட்னாவிலோ பெரும்பாலான வீடுகளில் எப்போதும் எரியும் ஹீட்டர் கிடையாது. மேல் மாடியில் வாழ்பவர்களுக்கோ கூரையே எல்லாவற்றிலும் குளிர்ந்த பொருள். மொட்டை மாடியின் கான்கிரீட் தளம் இரவெல்லாம் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து சில்லிட்டுப் போகிறது. அதன் அடியில் இறக்குவதற்கு என்ன வெப்பம் இருக்கிறது? சூடேற்றாத அறையில் விசிறியை நேராகச் சுற்றினாலும் எதிராகச் சுற்றினாலும், குளிர்ந்த காற்றே குளிர்ந்த காற்றோடு கலக்கும். அவ்வறைக்கு ரஜாயே உபாயம். எதிர்த்திசை விசிறியால் பயன் பெறுவது உயர்ந்த கூரையும், காற்றைச் சூடாக்கும் ஹீட்டரும் உள்ள அறை மட்டுமே. தன் முன்னே நிற்பவருக்கு மட்டும் அனல் வீசுகிற கம்பி ஹீட்டருக்குக்கூட இதனால் பெரும் பயன் இல்லை.

செலவுக் கணக்கையும் சிறிது பார்க்கலாம். சாதாரண 1200 மில்லிமீட்டர் விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் கொள்ளும். பதின்மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பி.எல்.டி.சி. விசிறிக்கு முப்பது வாட்டுக்கு முன்பின்னாகத்தான் தேவை. அது ஒரு நாள் முழுதும் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. 2000 வாட் ஹீட்டரோ அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். ஆகவே விசிறியின் துணையால் ஹீட்டரைப் பத்து நிமிடம் முன்னதாக அணைக்க முடிந்தாலும் நமக்கு இலாபமே. புது விசிறி வாங்குவோர் நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்கலாம். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து கூரை விசிறிகளுக்கு அச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய காலத்துப் பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வேகத்தைக் குறைக்கிறதே தவிர, மின்சாரத்தை அதே அளவில் மிச்சப்படுத்துவதில்லை, மிச்சத்தின் ஒரு பகுதியைத் தானே சூடாக்கிச் செலவிட்டுவிடுகிறது. குளிர்கால இரவுகளில் அதன் அருகே பல்லி தங்குவதன் இரகசியமும் இதுவே.

இனி, இந்தப் பேச்சில் எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவதைச் சொல்ல வேண்டும். ஹீட்டர் வாங்க வசதியற்றவர்களும், மின்சாரம் நின்றுபோன இரவுகளில் மற்றவர்களும், வடநாட்டில் கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துக்கொள்வதுண்டு. அங்கீட்டி என்பார்கள். கதவு, ஜன்னல், மேலேயுள்ள ரோஷன்தான் என்கிற காற்றுத் துளை, எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுக்கிறார்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது அமர்ந்துகொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வந்து எச்சரிக்கும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. ஆண்டுதோறும் இவ்விதம் உயிர்கள் போகின்றன. 2024 ஜனவரியில் டில்லியிலேயே இரு வேறு வீடுகளில் ஆறு பேர் இவ்வாறு மாண்டனர்.

இதில் விசிறிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் குடியிருப்பின் வாயிற்காவலர் ஒருவர், தம் சிறு அறையில் அங்கீட்டி வைத்துக்கொண்டு, புகை சேராமலிருக்க விசிறியை மெதுவாக ஓடவிட்டுத் தூங்கினார். விசிறி ஓடினால் காற்றோட்டம் இருக்கும் என்பது அவர் எண்ணம். படித்தவர்கள் பலரிடமும் இந்த எண்ணத்தை நான் கண்டிருக்கிறேன். காலையில் அவர் எழவில்லை. கதவைத் தட்டித் தட்டி, பிறகு உடைத்துத்தான் அவரை வெளியே கொணர்ந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவரைக் காத்தது விசிறியன்று. ரோஷன்தானில் நெடுநாளாக மாற்றாமல் விட்டிருந்த உடைந்த கண்ணாடி. விசிறி புதுக்காற்றை உள்ளே கொணர்வதில்லை, கெட்ட காற்றை வெளியேற்றுவதுமில்லை. பானைக்குள் மத்து கடைவதுபோல் அறைக்குள் இருப்பதையே கடைகிறது. எவ்வளவு கடைந்தாலும் பானைக்குள் இருப்பது பானைக்குள்தான் இருக்கும். மேலும் இவ்வாயு காற்றின் நிறையை ஒட்டிய நிறையுள்ளது. அறை முழுதும் தானே பரவிக் கலந்துவிடும். கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் தப்ப முடியாது. ஆகவே கனலுள்ள அங்கீட்டியை உறங்கும் அறையில் வைக்கவே கூடாது. படுக்கு முன் அது வெளியே போய்விட வேண்டும். குளியலறைக்குள் மாட்டியிருக்கும் எரிவாயு கீசருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

காற்றைக் கடைவதொன்றே பயனாகிற சந்தர்ப்பமும் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் மூடுபனி கவிந்து சூரியனே தோன்றாத நாட்கள் தொடர்ந்து வரும். துவைத்த துணி முற்றத்தில் உலராது. அறைக்குள் கொடி கட்டிப் போட்டால் அதன் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூசணம் பிடிக்கும். அந்த அறையில் ஜன்னலை நாலு விரல் திறந்துவைத்து, விசிறியை நடு வேகத்தில் ஓடவிட்டால் துணி உலரும், சுவரும் பிழைக்கும். ஜன்னலை அடைத்துவிட்டால் ஈரம் எங்கே போகும்? துணியிலிருந்து சுவருக்குத்தான் போகும்.

இனி விசிறியை மாட்டும் காரியம். இதற்கு ஏற்ற காலம் குளிர்காலமே. ஹோலி நெருங்கியதும் ஊரெல்லாம் ஒரே நாளில் விசிறியை நினைத்துக்கொள்கிறது. அப்போது எலெக்ட்ரீஷியனைப் பிடிப்பது கல்யாணப் புரோகிதரைப் பிடிப்பதைப் போல. டிசம்பரிலும் ஜனவரியிலும் அவருக்கு அவகாசமிருக்கும். நின்று நிதானித்து வேலை செய்வார்.

முதலில் பார்க்க வேண்டியது விசிறியையன்று, கொக்கியை. கூரைத் தளம் வார்க்கும்போதே உள்ளேயுள்ள கம்பிக்கூட்டோடு சேர்த்துப் பிணைத்திருக்க வேண்டிய கொக்கி அது. விசிறியின் எடை ஏறக்குறைய நாலைந்து கிலோதான். பழைய வார்ப்பிரும்பு விசிறிகள் இன்னும் கனமானவை. ஆனால் கொக்கி தாங்குவது எடையை மட்டுமன்று. ஆண்டுக்கு எட்டு ஒன்பது மாதம் ஓயாத அதிர்வையும் தாங்குகிறது. விசிறியின் தண்டு தொங்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் உராய்ந்து தேயாதிருக்க ஒரு ரப்பர் உருளை இருக்கும். கோடை வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி அந்த ரப்பர் இறுகி வெடித்துவிடுகிறது. பிறகு இரும்பே இரும்பை அறுக்கிறது. இதை மறைத்துக்கொண்டு மேலே ஒரு கிண்ணம் அழகாக மூடியிருப்பதால் பத்தாண்டுகள் யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கிண்ணத்தை இறக்கிப் பாருங்கள். கொக்கி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலும், அதைச் சுற்றித் துருக்கறை படர்ந்திருந்தாலும், அதற்குக் கீழே ஒருவரும் படுக்க வேண்டாம். கறை இருந்தால் மொட்டை மாடியில் நீர் கசிகிறது என்றும் பொருள். முதலில் அங்கேதான் வைத்தியம் செய்ய வேண்டும்.

இப்போது பல வீடுகளில் அழகுக்காகப் பொய்க் கூரை அமைக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டர் பலகையில் விசிறியைத் தொங்கவிடக் கூடாது. தண்டு அதைத் துளைத்துச் சென்று உண்மையான தளத்துக் கொக்கியையே பற்ற வேண்டும். தண்டின் நீளத்திலும் கவனம் தேவை. இறக்கைகள் தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாமலும், கூரையிலிருந்து ஓரடியேனும் விலகியும் இருப்பது நல்லது. கூரையை ஒட்டி மாட்டினால் இழுப்பதற்குக் காற்றில்லாமல் விசிறி வெறுமனே சுழலும். மிக உயர்ந்த கூரையில் குட்டைத் தண்டை மாட்டினால் காற்று நம்மிடம் வந்து சேராது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் குழந்தைகள் தூங்கும் அறையில், தரையிலிருந்து அளந்தால் போதாது. மேல்தட்டில் எழுந்து நிற்கும் குழந்தையின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அளக்க வேண்டும்.

தண்டின் இரு முனைகளிலும் திருகாணி கழன்று விழாதிருக்கப் பிளவு ஊசி ஒன்று செருகப்பட்டிருக்கும். விலை சில ரூபாய். உயிரின் காவல் அது. பழைய ஊசியை நிமிர்த்தி மறுபடி செருகாமல் புதிதே வாங்கிப் போடச் சொல்லுங்கள். இரண்டு விசிறிகளை ஒரே நாளில் கழற்றிச் சுத்தம் செய்தால் இறக்கைகளைக் கலந்துவிடாதீர்கள். ஒரு விசிறியின் மூன்று இறக்கைகளும் எடை பார்த்துச் சேர்க்கப்பட்டவை. மாறிப் போனால் விசிறி தள்ளாடும். தள்ளாட்டம் இருந்தால், விசிறியை நிறுத்தி, ஒரு குச்சியால் கூரையிலிருந்து ஒவ்வோர் இறக்கை நுனிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எது வளைந்தது என்று தெரிந்துவிடும்.

நெடுநாள் ஓய்ந்திருந்த விசிறி முதல் நாளில் தயங்கித் தயங்கிச் சுற்றினால் அஞ்ச வேண்டாம். குளிரில் தாங்கியின் கிரீஸ் இறுகியிருக்கும், சற்று நேரத்தில் இளகும். ஆனால் முனகிக்கொண்டு நகராமலே நின்றால், கழியால் தள்ளிவிட்டு ஓட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் கண்டன்சர் பலமிழந்திருக்கும். அது சிறு செலவில் மாற்றக்கூடிய பொருள். தள்ளிவிட்டே ஓட்டினால் சுருள் எரியும், பெரிய செலவு.

ஏணியில் ஏறுமுன் சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். பழைய வீடுகளில் ஸ்விட்சு எந்தக் கம்பியில் இருக்கிறதென்று நம்ப முடியாது. மெயினையே அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரை மெயின் அருகே நிறுத்திவையுங்கள். ஜனவரி மாதத்து டில்லியில் வெயில் அறைக்குள் வந்து, மேலே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் நேரம் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையேதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கிண்ணத்தை இறக்கி, கொக்கியைப் பார்த்துவிடலாம்.